நாய்களுக்கு உண்டாகும் மலச்சிக்கலும் வயிற்றுக் கோளாறுகளும்

கறவை மாடு ஒரு வேளை தீனி தின்னாவிட்டால் வீட்டார் அனைவரும் கவலை கொள்கின்றனர். உழவு மாடு அசை போடாமல் நின்றால் அன்றே கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிச் செல்கின்றனர். ஆனால், அதே வீட்டு வாசலில் இரவெல்லாம் விழித்திருந்து காவல் காக்கும் நாய் இரண்டு நாள் உண்ணாமற் படுத்திருந்தாலும் அதனைப் பொருட்படுத்துவோர் சிலரே. நாய்க்கு வந்த நோய் தானே தீரும் என்பது பலருடைய எண்ணம். சில நோய்கள் தாமே தீரும் என்பது உண்மைதான். தீராதவற்றை இனங்கண்டு கொள்ளாமையால் நல்ல காவல் நாய்கள் மாண்டு போகின்றன.

நம் மாநிலத்துக் கிராம வாழ்வில் நாய் வெறும் அழகுப் பிராணி அன்று. இராசபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி முதலிய நாட்டினங்கள் வீட்டுக் காவலுக்கும் வயற்காவலுக்கும் பெயர் பெற்றவை. அறுவடையான வயல்களில் ஆட்டுக்கிடை போடும் கீதாரிகளுக்கு நாயின்றி இரவு கழியாது. நரியும் திருடனும் கிடையை நெருங்காமற் காப்பது அதுவே. அத்தகைய நாய் ஒன்று நோயுற்றால் நட்டம் ஆட்டுக்கும் உண்டு, ஆளுக்கும் உண்டு. ஆதலின், நாய்களுக்கு அடிக்கடி வரும் மலச்சிக்கலைப் பற்றியும், அதனோடு தொடர்புடைய வயிற்றுக் கோளாறுகளைப் பற்றியும் வளர்ப்போர் அறிந்திருத்தல் நன்று.

நாயின் சீரண உறுப்புக்கள்

நாய் மாமிசம் உண்ணும் இனத்தைச் சேர்ந்தது. எனினும், மனிதனோடு பன்னெடுங்காலம் வாழ்ந்து சோறு, களி, கூழ் முதலியவற்றையும் சீரணிக்கப் பழகிக்கொண்டது. ஆட்டின் குடல் அதன் உடல் நீளத்தைப் போல் ஏறக்குறைய 25 மடங்கு நீளமுள்ளது. நாயின் குடலோ 5 அல்லது 6 மடங்கே உள்ளது. ஆகவே, புல்லையும் நாரையும் ஆடு சீரணிப்பது போல நாயால் சீரணிக்க இயலாது.

உண்ட உணவு இரைப்பையிற் கரைந்து சிறுகுடலுக்குச் செல்கின்றது. சத்துக்கள் அங்கே உறிஞ்சப்படுகின்றன. எஞ்சிய சக்கை கூழ்போல் பெருங்குடலை அடைகின்றது. பெருங்குடலின் முக்கியமான வேலை அச்சக்கையிலுள்ள நீரை மீண்டும் உடலுக்குள் ஈர்த்துக் கொள்வதாகும். சக்கை அங்கே எவ்வளவு நேரம் தங்குகின்றதோ அவ்வளவுக்கு அதிலுள்ள நீர் வற்றும், மலம் இறுகும். இறுகிய மலத்தை வெளித்தள்ளுவது கடினம். தள்ள இயலாமையால் மேலும் தங்கும். தங்குவதால் மேலும் இறுகும். மலச்சிக்கல் ஒரு நாளைக்கு ஒரு நாள் கடுமையாவதன் காரணம் இதுவே. பல நாள் இவ்வாறு நீடித்தால் பெருங்குடல் விரிந்து, சுருங்கும் ஆற்றலையே இழந்துவிடும். அந்நிலையை அடைந்த குடலைப் பழைய நிலைக்குக் கொண்டுவருதல் அரிது.

வளர்ந்த நாய் நாளொன்றுக்கு ஓரிரு முறை மலங்கழிப்பது இயல்பு. குட்டிகள் அதற்கு மேலும் கழிக்கும்.

மலச்சிக்கலின் காரணங்கள்

முதலாவது, எலும்பு. கிராமங்களில் நாய்க்கு மலச்சிக்கல் உண்டாவதற்கு இதுவே பெருங்காரணம் எனலாம். கோயிற் கொடை, கிடாவெட்டு, தீபாவளி போன்ற நாட்களில் கறிச்சோறு உண்டு எறியும் எலும்புகளை நாய்கள் வயிறு நிறையத் தின்கின்றன. அவ்வெலும்பின் துகள்கள் பெருங்குடலிற் சேர்ந்து சுண்ணாம்புக் கட்டிபோல் இறுகிவிடுகின்றன. மறுநாளோ, மூன்றாம் நாளோ நாய் வெண்மையான, பொடியாகக் கூடிய மலத்தைச் சிறிது சிறிதாக வெளியேற்றும். அல்லது ஒன்றுமே வெளிவராமல் முக்கும். வேகவைத்த எலும்பு கூர்மையாக உடையும் தன்மை வாய்ந்ததாதலின் குடலைக் கிழித்தலும் கூடும். கோழி எலும்பு இவ்வகையில் மிகவும் கொடிது.

இரண்டாவது, நீர்க் குறைவு. நாய்க்குச் சோறு வைப்போர் பலர், நீர் வைப்போர் சிலர். ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 முதல் 60 மில்லி லிட்டர் நீர் நாய்க்குத் தேவை. அதன்படி 15 கிலோ எடையுள்ள நாய்க்கு ஏறத்தாழ 750 முதல் 900 மில்லி லிட்டர் வேண்டும். கோடையிலும், ஆட்டு மந்தையுடன் வெயிலில் அலையும் நாட்களிலும் இதனினும் மிகுதியாக வேண்டும்.

மூன்றாவது, ஓரிடத்திற் கட்டிவைத்தல். தான் படுக்கும் இடத்தை அசுத்தப்படுத்த நாய் விரும்புவதில்லை. காலை முதல் இரவு வரை சங்கிலியிற் கிடக்கும் நாய் மலத்தை அடக்கிக் கொள்கின்றது. நடையின்மையாற் குடலின் அசைவும் குறைகின்றது.

நான்காவது, செரிக்காத பொருள்கள். மயிர், மண், மணல், துணி, சணற்கயிறு, நெகிழிப் பை, மாங்கொட்டை, தேங்காய்ச் சிரட்டைத் துண்டு ஆகியவற்றை நாய்கள், சிறப்பாகக் குட்டிகள், விழுங்கிவிடுகின்றன. இவை மலத்தோடு கலந்து இறுகுவதும் உண்டு. குடலை முற்றிலும் அடைத்து விடுவதும் உண்டு.

ஐந்தாவது, வலி. ஆசனவாயின் இருபுறமும் நாய்க்கு இரு சிறு பைகள் உள. அவற்றிற் சீழ் பிடித்தால் மலங்கழிக்கும்போது வலி உண்டாகும். வலிக்கு அஞ்சி நாய் அடக்கிக் கொள்ளும். வண்டியில் அடிபட்டு இடுப்பெலும்பு முறிந்த நாய்க்கு அவ்வெலும்பு கோணலாகக் கூடி, மலம் வரும் வழியையே நெருக்கிவிடுதலும் உண்டு. சடைமயிருள்ள நாய்களுக்கு வால் அடியிலுள்ள மயிர் மலத்தோடு ஒட்டிக் காய்ந்து, வழியை மூடிவிடும்.

ஆறாவது, முதுமை. விதையடிக்கப்படாத ஆண் நாய்களுக்கு வயது ஏற ஏறப் புராஸ்டேட் சுரப்பி பருத்து மலக்குடலை அழுத்துகின்றது. சிலவற்றுக்கு ஆசனவாயின் பக்கத்தில் குடலிறக்கம் தோன்றும். இவை மருந்துணவால் மட்டும் தீர்வன அல்ல. பெரும்பாலும் அறுவை வேண்டும்.

தாயற்ற குட்டிகளைப் பற்றி ஒரு சொல்

பிறந்த குட்டி ஏறக்குறைய மூன்று வாரம் வரை தானாக மலசலம் கழிக்கும் ஆற்றலற்றது. தாய் நாய் அதன் பின்புறத்தை நக்கித் தூண்டுவதாலேயே கழிக்கின்றது. தாயை இழந்த குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்ப்போர் இதனை அறியாமையால் குட்டி வயிறு உப்பி இறக்க நேரிடுகின்றது. ஒவ்வொரு முறை பாலூட்டிய பின்னும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சினால் அவ்விடத்தை மென்மையாகத் தடவிவிட வேண்டும்.

முக்குவதெல்லாம் மலச்சிக்கல் அன்று

இக்கட்டுரையில் வாசகர்கள் மிகவும் கருத்திற் கொள்ள வேண்டிய பகுதி இதுவே. நாய் குந்தி முக்குவதைக் கண்டவுடன் மலச்சிக்கல் என்று முடிவு செய்து பேதி மருந்து கொடுப்பது பலருடைய வழக்கம். பின்வரும் நிலைகளிலும் நாய் அவ்வாறே முக்கும்.

கழிச்சல் கண்ட நாய் வயிறு வெறுமையான பின்னும் குடல் எரிச்சலால் முக்கிக்கொண்டே இருக்கும். சளியும் ஓரிரு சொட்டு இரத்தமும் வரும். இதற்குப் பேதி மருந்து கொடுத்தால் நோய் மிகும்.

சிறுநீர்த் தாரையிற் கல் அடைத்த ஆண் நாய் காலைத் தூக்கித் தூக்கி நிற்கும். சிறுநீர் வராது, அல்லது சொட்டுச் சொட்டாக வரும். சிறுநீர் முற்றிலும் அடைபட்டால் நஞ்சு இரத்தத்திற் சேர்ந்து ஓரிரு நாட்களில் உயிருக்கே தீங்கு நேரும். ஆகவே, முக்கும் நாய் சிறுநீர் தாராளமாகக் கழிக்கின்றதா என்பதை முதலிற் பார்த்தல் வேண்டும்.

சினையுற்ற நாய்க்குப் பேறுகாலம் ஏறக்குறைய 63 நாட்கள். அக்காலத்தை ஒட்டிப் பெண் நாய் அரை மணி நேரம் தொடர்ந்து வலுவாக முக்கியும் குட்டி வெளிவரவில்லையெனில் அது மலச்சிக்கல் அன்று. குட்டி குறுக்கே சிக்கியிருக்கலாம்.

குடல் முற்றிலும் அடைபட்ட நாய் உண்ட உணவையும் குடித்த நீரையும் வாந்தி எடுக்கும்; சோர்ந்து படுக்கும்; வயிற்றைத் தொட்டால் வலியால் முனகும். மலமும் வராது. அடைப்புள்ள குடலுக்குப் பேதி மருந்து கொடுப்பது வாயிலைப் பூட்டிவிட்டு உள்ளிருப்போரை விரட்டுவதற்கு ஒப்பாகும். குடல் கிழிந்து நாய் இறக்கும்.

மற்றொன்று, நாய்க்கு மட்டுமன்றி மனிதருக்கும் உயிராபத்தாவது. உணவு உண்ணாமல், தாடை தொங்கி, எச்சில் வடிய, விழுங்க முடியாமல் தவிக்கும் நாயைக் கண்டு, தொண்டையில் எலும்பு சிக்கியுள்ளது என்று கருதி வாய்க்குள் கையை விடுவோர் உண்டு. வெறிநோயின் ஒரு வகை இத்தோற்றமே உடையது. அத்தகைய நாய் கடிக்க வேண்டுவதில்லை. அதன் எச்சில் கையிலுள்ள சிறு காயத்திற் பட்டாலே நோய் தொற்றக்கூடும். நோய்க்குறி தோன்றிய பின் மனிதரைப் பிழைக்க வைத்தல் ஏறத்தாழ இயலாதது. எச்சில் பட்டாலோ, கடித்தாலோ அவ்விடத்தை ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். பாஸ்டர் 1885-ஆம் ஆண்டில் இத்தடுப்பூசியை முதன்முதலாக மனிதருக்குப் பயன்படுத்தினார். நம் மாநிலத்தில் குன்னூர்ப் பாஸ்டர் நிலையம் 1907-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. மருந்து இவ்வளவு காலமாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், காலந்தாழ்த்தி உயிரிழத்தல் பரிதாபத்திற்குரியது.

வீட்டிற் செய்யத் தக்கவை

நாய் சுறுசுறுப்பாக இருந்து, உணவு உண்டு, வாந்தியின்றி, சிறுநீர் நன்கு கழித்து, மலம் மட்டும் இறுகி வருமாயின் அது எளிய மலச்சிக்கலாகும். அதற்குக் கீழ்க்கண்டவை போதும்.

நீர் மிகுதியாகக் கொடுக்க வேண்டும். வெறும் நீரைக் குடிக்காத நாய்க்கு உப்பும் மிளகாயும் வெங்காயமும் சேர்க்காத கறிவேகவைத்த நீரைச் சோற்றில் தாராளமாக ஊற்றிப் பிசைந்து வைக்கலாம். எலும்பை அறவே நிறுத்த வேண்டும். தோலும் விதையும் நீக்கி வேகவைத்து மசித்த பரங்கிக்காயை 15 கிலோ எடையுள்ள நாய்க்கு வேளைக்கு இரண்டு மேசைக்கரண்டி வீதம் உணவிற் கலந்து கொடுக்கலாம். பரங்கிக்காய் கிடைக்காத காலத்தில் இசப்கோல் உமியை ஒரு தேக்கரண்டி அளவு நீர் மிகுந்த உணவிற் கலந்து கொடுக்கலாம். நீரின்றி உமியை மட்டும் கொடுத்தால் அதுவே குடலில் இறுகிவிடும் என்பதை மறக்கலாகாது. காலையும் மாலையும் நாயை அரை மணி நேரம் நடத்திச் செல்ல வேண்டும். வாலடியில் மயிர் ஒட்டியிருந்தால் வெந்நீரால் நனைத்து மெதுவாகக் கத்தரித்து நீக்க வேண்டும்.

செய்யத் தகாதவை

விளக்கெண்ணெயையோ வேறு எண்ணெயையோ நாயின் வாயைப் பிளந்து பலவந்தமாக ஊற்றலாகாது. எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலழற்சியை உண்டாக்கும். சவர்க்காரத் துண்டு, மிளகாய்க் காம்பு முதலியவற்றை ஆசனவாயிற் செருகுதல் புண்ணை உண்டாக்கும் கொடுஞ்செயல். மனிதருக்குரிய பேதி மாத்திரைகளும், பாஸ்பேட் உப்புக் கலந்த எனிமாவும் நாய்க்கு ஆகா. பின்னது சிறிய நாய்களைக் கொல்லவும் கூடும். வலி தீர வேண்டுமென்று பாரசிட்டமால், இபுபுரூபன் போன்ற மாத்திரைகளைக் கொடுத்தல் ஈரலையும் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுக்கும். ஆசனவாயில் நூலோ, கயிறோ தொங்கினால் அதனைப் பிடித்து இழுக்கலாகாது. அதன் மறுமுனை குடலிற் சிக்கியிருப்பின் குடல் அறுபடும்.

இரண்டு நாட்களுக்கு மேல் மலம் வராவிடினும், வாந்தி, இரத்தம், வயிற்று வலி, சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் போன்ற மருந்துகளின் அளவை அவரே வரையறுக்க வேண்டும். இறுகிய மலத்தை நாயை மயக்கத்தில் ஆழ்த்திக் கழுவி எடுக்கும் முறையும் உண்டு. மருத்துவரிடம் செல்லும்போது நாய் என்ன தின்றது, கடைசியாக எப்போது மலங்கழித்தது, சிறுநீர் வருகின்றதா, வாந்தி உண்டா என்னும் நான்கு செய்திகளையும் தவறாது சொல்ல வேண்டும்.

வயிறு உப்புதல்

சிப்பிப்பாறை, இராசபாளையம் போன்று மார்புக்கூடு ஆழ்ந்த நாய்கள் ஒரே வேளையில் மிகுதியாக உண்டு உடனே ஓடினால் இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளக் கூடும். வயிறு பறைபோல் விறைக்கும், நாய் வாந்தி எடுக்க முயலும், ஆனால் ஒன்றும் வராது, நிலைகொள்ளாது தவிக்கும். இது சில மணி நேரத்தில் உயிரைக் குடிக்கும் நோய். கைமருத்துவத்துக்கு இதில் இடமில்லை. அந்நேரமே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். ஒரு வேளை உணவை இரு வேளையாகப் பிரித்துக் கொடுப்பதும், உண்டபின் ஒரு மணி நேரமேனும் ஓட விடாமையும் இதனை ஓரளவு தடுக்கும்.

கழிச்சல்

வளர்ந்த நாய்க்குக் கெட்டுப்போன உணவாலோ, திடீர் உணவு மாற்றத்தாலோ, மிகுதியான பாலாலோ கழிச்சல் உண்டானால், நாய் தெளிவாக இருக்கும்வரை நீர் கொடுத்து, குழைந்த சோறும் எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறியும் சிறிது சிறிதாகக் கொடுத்தால் ஓரிரு நாளில் நிற்கும். தோள்மேலுள்ள தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டால் உடனே படிய வேண்டும். மெதுவாகப் படியுமாயின் உடலில் நீர் வற்றியது என அறியலாம்.

குட்டிகளின் கழிச்சல் அத்துணை எளிதன்று. 1978-ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய பார்வோ என்னும் நச்சுயிரி நோய் குட்டிகளை இரத்தக் கழிச்சலாலும் வாந்தியாலும் இரண்டு மூன்று நாட்களிற் கொல்ல வல்லது. அக்கிருமி மண்ணிற் பல மாதம் உயிரோடு இருக்கும். எனவே, ஒரு குட்டி இந்நோயால் இறந்த இடத்துக்குத் தடுப்பூசி போடாத வேறு குட்டியை உடனே கொண்டுவரலாகாது. தரையைச் சலவைத்தூள் கரைசலாற் கழுவ வேண்டும். குட்டி பிறந்து 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசியும், பின்னர் 16 வாரம் நிறையும் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறையும் போடுதல் வேண்டும்.

குடற்புழுக்கள்

குட்டியின் வயிறு பானைபோல் பருத்து, உடல் மெலிந்து, மயிர் பளபளப்பற்றிருந்தால் உருண்டைப்புழு உண்டெனக் கொள்ளலாம். அவை மிகுந்தால் குடலை அடைக்கவும் செய்யும். குட்டிக்கு இரண்டாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை இரு வாரத்துக்கு ஒரு முறையும், வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் எடைக்கேற்ற புழுநீக்க மருந்து கொடுக்க வேண்டும்.

ஆடு வளர்ப்போர் சிறப்பாக அறிய வேண்டியது ஒன்றுண்டு. ஆடு அறுக்கும்போது ஈரலிலும் நுரையீரலிலும் நீர் நிறைந்த கொப்புளங்கள் சில சமயம் காணப்படும். அவை ஒருவகை நாடாப்புழுவின் இளம்பருவம். பயனற்றதென்று அவ்வுறுப்பை நாய்க்கு எறிந்தால் நாயின் குடலில் அப்புழு வளரும். அதன் முட்டைகள் மலத்தின் வழியே புல்லிலும் நீரிலும் கலந்து ஆட்டுக்கும், நாயைத் தொட்ட கையை கழுவாது உண்ணும் மனிதருக்கும் செல்லும். மனிதரின் ஈரலில் அக்கட்டி பல ஆண்டு மறைவாக வளர்ந்து அறுவை செய்யும் நிலையைக் கொண்டுவரும்.

ஐஸ்லாந்து நாட்டில் 19-ஆம் நூற்றாண்டில் இந்நோய் மிகுந்திருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த கிராபே என்னும் அறிஞர் 1860-களில் அங்கு சென்று ஆராய்ந்து, ஆடும் நாயும் மனிதரும் ஒரே சங்கிலியிற் கட்டுண்டிருப்பதை எளிய நூலாக எழுதினார். அந்நூல் அந்நாட்டு இல்லங்களுக்கு வழங்கப்பட்டது. நோயுள்ள உறுப்பை நாய்க்குப் போடாமை, நாய்க்குப் புழுநீக்கம் செய்தல் ஆகிய இரண்டையும் மக்கள் கைக்கொண்டனர். சட்டமும் துணை நின்றது. 20-ஆம் நூற்றாண்டில் அந்நோய் அந்நாட்டினின்றும் ஒழிந்தது. கொப்புளமுள்ள உறுப்பை ஆழக் குழி தோண்டிப் புதைப்பதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஊராட்சிகள் ஆடு அறுக்குமிடத்தில் மூடியுள்ள குழி ஒன்றை அமைத்தால் ஊர் முழுதும் நன்மை பெறும்.

நினைவிற் கொள்ளத் தக்கவை

1. நாய்க்கு எந்நேரமும் சுத்தமான நீர் கிடைக்க வேண்டும்.

2. வேகவைத்த எலும்பு கொடுக்கலாகாது. விருந்து நாட்களில் எலும்புகளைப் புதைத்தல் நன்று.

3. முக்கும் நாய் சிறுநீர் கழிக்கின்றதா என்பதை முதலிற் பார்க்க வேண்டும்.

4. வாந்தியும் மலத்தடையும் சேர்ந்து வந்தால் பேதி மருந்து கொடுக்கலாகாது.

5. விழுங்க முடியாத நாயின் வாயிற் கை விடலாகாது.

6. புழுநீக்கமும் வெறிநோய்த் தடுப்பூசியும் காலந்தவறாது செய்தல் வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்றாம் மாதத்தில் தொடங்கி ஆண்டுதோறும் போடுதல் நலம்.

நாய் தன் வலியைச் சொல்ல வல்லதன்று. வழக்கமாக உண்ணும் உணவை உண்டதா, வழக்கமான இடத்துக்குச் சென்று மலங்கழித்ததா, சிறுநீர் விட்டதா என்று நாள்தோறும் ஒரு நொடி கவனிப்பதே அதற்கு நாம் செய்யக்கூடிய முதல் மருத்துவம். கிடையையும் களத்தையும் காக்கும் பிராணிக்கு இவ்வளவேனும் செய்தல் வளர்ப்போர் கடமையாகும்.